அத்தைக்கு ஒரு வால்வு ரேடியோ

எண்பது தாண்டியதும் அத்தைக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்க ஆரம்பித்தது. விழித்திரையின் மையம் தேய்ந்துவிட்டது, வயதானால் சிலருக்கு வருவதுதான், ஓரப்பார்வை இருக்கும், நேரே பார்த்தால் மட்டும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்படி வேலைக்கு அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டுக்குள் அறுபது வருஷமாக நடந்தவர், கண்ணை மூடிக்கொண்டே புளிப்பானையை எடுப்பார். பேப்பர் போயிற்று, டிவி போயிற்று. அதுதான் கஷ்டம்.

பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய பட்டன் வைத்த போன் வந்தது. பழைய பாட்டுகளை ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்த பாட்டுப்பெட்டி ஒன்றும் வந்தது. பெட்டி கொஞ்ச நாள் பாடியது, அப்புறம் அலமாரிக்குப் போய்விட்டது. ஊருக்குப் போயிருந்தபோது ஏன் என்று கேட்டேன்.

"பாடுது பாடுதுன்னு பாடிக்கிட்டே கெடக்குய்யா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கு. மணி எத்தனைன்னாவது சொல்லுதா?"

எனக்குப் பழைய வால்வு ரேடியோக்களை வாங்கிப் பழுதுபார்க்கிற கிறுக்கு உண்டு. வால்வு என்றால் டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் ரேடியோவுக்குள் இருந்த, சூடானால் வேலை செய்கிற கண்ணாடிக் குழல். வீட்டில் அதற்கு வேறு பெயர். அலமாரி நிறையப் பெட்டிகள் இருக்க, அத்தை இப்படிச் சொன்னதும் ஒன்றை இங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வயசானவர்களுக்குப் பழைய ரேடியோ கொடுப்பவர்கள் பலரும், நான் பார்த்தவரை, தங்களுக்கே ஒரு பரிசு கொடுத்துக்கொள்கிறார்கள். பாலிஷ் போட்டு, பூ வைத்து, தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படம். மறுவாரம் போய்ப் பார்த்தால் பெட்டி பேசாது, அல்லது பேசுகிற நிலையம் எதுவும் அதில் கிடைக்காது. தாத்தா மட்டும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கொடுத்தால் தினமும் பேசுகிற பெட்டியாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

முதலில் எந்தப் பெட்டி. இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மேஜை ரேடியோக்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். தூக்கும்போதே ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று ஏசி-டிசி செட். அந்தக் காலத்தில் சில நகரங்களில் டிசி மின்சாரமும் ஓடியது. டிசியில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. எனவே அதை விட்டுவிட்டு, வால்வுகளின் ஃபிலமென்ட்டுகளைச் சரம் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து நேரே மெயின்ஸில் கொடுத்துவிடுவார்கள். விலை குறைவு, எடை குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் மின்சாரத்தின் ஒரு முனையோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். இரட்டைப் பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்தச் சட்டத்தில் 230 வோல்ட் நிற்கும். நம்மையும் அதையும் பிரிப்பது மரப்பெட்டியும் குமிழும் மட்டும்தான். குமிழ் கழன்று விழுந்துவிட்டால் வெறும் இரும்புத் தண்டு. குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியைத் தொட்டாலே போதும்.

கண் நன்றாகத் தெரிகிறவருக்கு இது ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய விஷயம். விரலால் தடவிப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிற அத்தைக்கு இது எமன். என்னிடம் இருந்ததில் அழகான செட் ஏசி-டிசிதான். பேக்கலைட் உடம்பு, மெருகு குலையாதது. அதைத் தள்ளி வைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மரப்பெட்டி பிலிப்ஸ் ஒன்றை எடுத்தேன். ஐந்து வால்வும், நிலையம் சரியாக விழுந்ததைக் காட்டும் ஒரு பச்சைக் கண்ணும். முன்துணி கொஞ்சம் மங்கல், ஒரு மூலையில் வெனீர் உரிந்திருந்தது. அத்தைக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். கொடுத்த அன்றே விரல் நேராக அந்த மூலைக்குத்தான் போனது, அது வேறு கதை.

செட்டைத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நானே செய்திருக்கலாம். ஆனால் இன்னொருவர் வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஓடப்போகிற செட்டை என்னைவிடப் பழகிய கை பார்க்கட்டும் என்று பட்டது. அண்ணாச்சி வால்வை முதலில் தொடவே மாட்டார். "வால்வு எங்க போவப்போவுது, கண்டென்சரைப் பாரு" என்பார். உண்மைதான். நல்ல வால்வுகள் பல்லாண்டு தாங்குகின்றன. மின்சாரத்தைத் தேக்கித் தருகிற சின்ன உருளைகளான மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள்தான் ஈரம் குடித்து மின்சாரத்தை ஒழுகவிட ஆரம்பிக்கும். அதிலும் கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் ஒழுகினால், அந்த வால்வு தன் கட்டுப்பாட்டை இழந்து மின்சாரத்தைக் கண்டபடி இழுக்கும். உள்ளே தகடு சிவந்து பழுக்கும். கூடவே ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். சில ரூபாய்க் கண்டென்சர் ஒன்று, இன்று எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுபோய்விடும்.

பரணில் கிடந்த ரேடியோவை இறக்கித் தூசி தட்டி, "ஓடுதான்னு பாப்போம்" என்று நேரே பிளக்கில் செருகுகிறவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். செருகாதீர்கள். பல வருஷம் கரண்டே பார்க்காத ஃபில்ட்டர் கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய காப்புப் படலம் கெட்டுப்போயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் சூடாகி வெடிக்கக்கூடக் கூடும். அண்ணாச்சி எப்போதும் சீரீஸ் பல்பு வழியாகத்தான் முதல் கரண்டு கொடுப்பார். செட்டுக்கு முன்னால் ஒரு குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும். இப்போது அந்தக் குண்டு பல்புக்கே தட்டுப்பாடு. எல்ஈடி பல்பு இந்த வேலைக்கு உதவாது.

காகிதக் கண்டென்சர்கள் எல்லாம் போய் பாலியஸ்டர் கண்டென்சர்கள் வந்தன. துணி சுற்றிய பழைய ஒயர் போய் மூன்று பின் ஒயரும் ஃபியூஸும் வந்தன. சட்டத்துக்கு எர்த் கொடுத்தோம். பின்பலகையின் காற்றோட்டத் துவாரங்களுக்கு உள்பக்கமாகச் சன்னக் கம்பிவலை அடித்தோம். வால்வுச் சூட்டுக்குப் பல்லியும் கரப்பானும் குடிவந்துவிடும். நான் திறந்த செட்டுகளில் எலிக்கூடு பார்த்திருக்கிறேன்.

பச்சைக் கண் மங்கிப் போயிருந்தது. நிலையம் சரியாக விழுந்ததும் விசிறிபோல் விரிந்து மூடுகிற அந்த வால்வு ஈஎம்80. அதுதான் முதலில் ஒளி மங்கும். ஒளிர்கிற பூச்சு தேய்ந்துவிடும். அதன் இடத்தில் சோவியத் காலத்து 6ஈ1பி வால்வு அப்படியே உட்காரும். பார்வை மங்கியவருக்கு இதற்குச் செலவு செய்ய வேண்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். எனக்கும் அதே யோசனைதான். ஆனால் ஓரப்பார்வை இருக்கிறதே. வாங்கிப் போட்டோம். அத்தை இப்போது தலையை ஒருபக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் பச்சை தெரிகிறதா என்று பார்த்துத்தான் செட் ஓடுகிறதா என்று முடிவு செய்கிறார். ரேடியோவின் ஓசை குறைந்திருந்தாலும் அணைக்க மறப்பதில்லை.

கொண்டுபோய் இறக்கியது கொரோனாவுக்கு முந்தைய வருஷம். அத்தை பெட்டியை மேலிருந்து கீழ்வரை தடவினார். உரிந்த மூலையில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. முதல் கேள்வி இதுதான்:

"கரண்டு எவ்வளவு இழுக்கும்?"

ஐம்பது வாட்டுக்குப் பக்கம், ஒரு ஃபேன் ஓடுகிற கணக்குத்தான் என்றேன். அடுத்த கேள்வி, லைசென்ஸ் எடுத்தாச்சா என்பது. நான் சிரித்துவிட்டேன், ஆனால் அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ரேடியோ வைத்திருக்க ஒரு காலத்தில் தபால் ஆபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும். சின்னப் புத்தகம். வருஷா வருஷம் போய்ப் பணம் கட்டி அதில் பதிந்து வாங்கிவர வேண்டும். ஒரு கட்டத்தில் கட்டணம் ஆண்டுக்கு 15 ரூபாய். அது எண்பதுகளின் நடுவில் ஒழிந்தது. மாமா பேரில் இருந்த புத்தகம் பீரோவில் ரேஷன் கார்டோடு இன்னும் இருக்கிறது. கட்டாத ரேடியோவைப் பிடிக்க ஆள் வருவான் என்று பயந்து, மாமா தவணை தவறாமல் கட்டியவர். இப்போது லைசென்ஸ் கிடையாது என்று நான் சொன்னதை அத்தை அரை மனதோடுதான் ஏற்றார்.

மூன்றாவது, உறை. "இதுக்கு ஒரு கவர் தைக்கணும்லா." அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் எம்பிராய்டரி போட்ட துணி உறை உண்டு. முன்பக்கம் திரைச்சீலை, கேட்கும்போது தூக்கிவிடுவார்கள். உறை வேண்டாம், மேலேயும் பின்னாலேயும் காற்று போகணும், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சுவிட்சைத் திருகினேன். சத்தம் இல்லை. வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும்.

"நம்ம வீட்டு ஆம்பளையாளுவ மாதிரில்லா இருக்கு. கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சில்லா பதில் வருது" என்றார் அத்தை. அடுப்படியில் இருந்து மருமகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது கரகரப்பு. தேனீக்கூடு கலைந்தது போன்ற இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ ஒரு மனுஷக் குரல். பழைய ரேடியோவைக் குறை சொல்லிவிட்டுப் போகிற இடம் இது. பெட்டியில் கோளாறு இல்லை. மத்திய அலை ரேடியோ பிறந்த வீட்டில் குண்டு பல்பும் சீலிங் ஃபேனும் மட்டும்தான் இருந்தன. இன்றைக்கு எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் வேகமாக அணைந்து எரிகிற சுற்று ஒன்று இருக்கிறது. மட்டமாகச் செய்த பொருளில் அந்தச் சுற்றின் இரைச்சல் ஒயர் வழியாக வீடு முழுக்கப் பரவும். பாக்கெட் டிரான்சிஸ்டர் ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். முற்றத்து பல்பின் பக்கம் போனதும் அலறியது. பல்பை மாற்றினோம். அத்தை கட்டிலுக்கு அருகே தொங்கிய சார்ஜரையும் பிடுங்கி வேறு அறைக்கு அனுப்பினேன். மொட்டை மாடியில் இருந்து கொல்லைத் தென்னைவரை ஏரியல் ஒயர் கட்டினேன். முன்பு தாமிர வலைப்பட்டையைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். சாதாரண ஒயரே போதும். இடி மின்னல் வந்தால் ஏரியலைப் பிடுங்கிவிட வேண்டும். ஐப்பசி மழையில் அங்கே இடிக்குக் குறைவில்லை. அத்தை தடவிப் பார்த்தே கழற்றும்படி அதற்கு ஒரு பனானா பின் போட்டேன்.

இரைச்சல் அடங்கியதும் குரல் தெளிந்தது. 1197 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி.

டயல் கண்ணாடியில் திருநெல்வேலி என்ற பேர் கிடையாது. நிலையம் 1963இல் தான் வந்தது. அதற்கு முன் தென் மாவட்டங்களுக்கு ஆல் இந்தியா ரேடியோ என்றால் 1939இல் தொடங்கிய திருச்சி. ஆனால் அத்தை கல்யாணமாகி வந்த காலத்தில் எங்கள் பக்கம் முள் அதிகம் நின்றது திருச்சியிலும் இல்லை, கொழும்பில்தான். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது சுருங்கிப் போனது. சாஸ்திரிய சங்கீதம் வளரட்டும் என்றார், மக்கள் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கியது அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டத்தான். இன்னொரு காரணம் கடல். மத்திய அலை உலர்ந்த நிலத்தின் மேல் போகும்போது சீக்கிரம் வலுவிழக்கும், உப்புத் தண்ணீரின் மேல் நெடுந்தூரம் போகும். நடுவில் மன்னார் வளைகுடா. அதனால் இலங்கை வானொலி எங்கள் பக்கம் உள்ளூர் நிலையம்போல் கேட்கும்.

"மயில்வாகனம் பேச ஆரம்பிச்சா அடுப்புல பால் பொங்குறது தெரியாது" என்பார் அத்தை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்களை வரிசையாகச் சொல்வார். ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது, அப்போதும் தெரியாது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் மாமா சாப்பிட உட்கார வேண்டும். பாபநாசம் மில்லில் வேலை. மில் சங்கு ஒரு கடிகாரம், ரேடியோ இன்னொரு கடிகாரம். எந்த நிகழ்ச்சிக்கு உலை வைக்க வேண்டும், எந்தப் பாட்டுக்குப் பிள்ளைகளுக்குத் தலைபின்னி முடிக்க வேண்டும் என்று வீடே அட்டவணை போட்டு ஓடியது. டில்லியில் இருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் மாமா சட்டை போட்டுக்கொண்டிருப்பார்.

பாட்டுப்பெட்டி ஏன் அலமாரிக்குப் போயிற்று என்பது எனக்கு இதைக் கேட்டபோதுதான் சரியாக விளங்கியது. ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தும் அதில் காலை எது, மாலை எது என்று கிடையாது. எப்போது போட்டாலும் பாடும். எதைப் போடுவது என்று நாம் சொல்ல வேண்டும். பார்வை போனவருக்குப் பகலும் இரவும் ஒன்றோடொன்று கலந்து போகிறது. அத்தையின் குறை பாட்டுப் பஞ்சம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது நாள் நகர்கிறது என்று சொல்லும் ஒரு குரல். வேளாண்மை நிகழ்ச்சி முடிந்ததா, செய்தி வந்ததா, அப்படியென்றால் விளக்கேற்றலாம்.

சிற்றலையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். 25, 31, 41 மீட்டர் என்று டயலில் வரிசையாக இருக்கிறது, கேட்பதற்கு அதிகம் இல்லை. மாமா இரவில் விடாமல் கேட்ட பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கியது, 2017 ஏப்ரல் கடைசியோடு வானொலியில் நின்றுவிட்டது. அத்தை அதற்கு ஒன்றும் வருத்தப்படவில்லை. "அது உங்க மாமா ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நான் முன்னே சொன்னேனே, தங்களுக்கே பரிசு கொடுத்துக்கொள்கிறவர்கள் என்று, அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் ஓரமாக உண்டு.

பெங்களூரில் இருக்கும் அத்தான் வந்தபோது வேறு ஒரு யோசனை சொன்னார். "உள்ள இருக்கிற சாமானையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒரு ப்ளூடூத் போர்டு வச்சிரு மாப்ள. பாக்கப் பழசு, கேக்கப் புதுசு." இது இப்போது நிறைய நடக்கிறது. அலங்காரக் கடைகளில் அப்படிப்பட்ட பெட்டிகளை நல்ல விலைக்கு விற்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஆகாது. வேலை செய்கிற உள்சட்டத்தை வால்வுகளோடு குப்பையில் போட்டுவிட்டு மரப்பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வதில் என்ன மரியாதை? அதுவும் இல்லாமல், அதற்கு அவசியமே இல்லை. இந்த செட்டுகளின் பின்னால் இசைத்தட்டுக் கருவியைச் சொருக ஒரு துளை ஜோடி இருக்கும். அலைவரிசைக் குமிழை கிராம் நிலைக்குத் திருப்பினால், அங்கே எதைக் கொடுத்தாலும் வால்வு வழியாகப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கும். சின்ன ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை, இடது வலது ஓசைகளை இரண்டு ரெசிஸ்டர்களால் ஒன்றாக்கி, அதில் சொருகிவிட்டேன். ஒரு திருகாணியும் கழற்றவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் செட் என்பதால்தான் இதைத் தைரியமாகச் செய்ய முடிந்தது. ஏசி-டிசி செட்டில் இதைச் செய்தால், சொருகிய ஒயர் வழியே மெயின்ஸ் வெளியே வந்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பேத்தி லீவுக்கு வந்தால் போனில் இருந்து அதில் பாட்டு போடுகிறாள். மற்ற நாளில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

நிலையத்தை எப்படிப் பிடிப்பது என்பதுதான் நான் மிகவும் யோசித்த இடம். முள் கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகிறது, தடவ முடியாது. குமிழில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. முள் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் போவதற்குள் குமிழ் பல முறை சுற்றிவிடுகிறது. சரி, திருநெல்வேலியிலேயே நிறுத்தி வைத்துவிடுவோம், அத்தை சுவிட்சை மட்டும் தொடட்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து போன்.

"வலது கோடிக்கு முட்டுற வரைக்கும் திருப்பணும். அங்கேருந்து ஒண்ணே முக்கால் சுத்து வந்தா திருநெல்வேலி. ரெண்டரை வந்தா தூத்துக்குடி. ராத்திரியில மூணுக்கு மேல போனா திருச்சி கேக்கு, ஆனா அலையுது."

நான் வாயடைத்துப் போனேன். ஒட்டிய பொட்டு வீணாகவில்லை, சுற்றை எண்ண அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். கணக்கும் சரி. தூத்துக்குடி 1053, இருநூறு கிலோவாட், இலங்கைவரை போகிற நிலையம், ஒரு சுற்றுக்குக் குறைவாகத்தான் தள்ளி இருக்க வேண்டும். திருச்சி 936. இரவில் வருவதற்கும் காரணம் உண்டு. பகலில் மத்திய அலையை விழுங்குகிற வானத்து அடுக்கு, வெயில் போனதும் மறைந்துவிடுகிறது. அலை அதற்கும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி விழுகிறது. மேலடுக்கு அசைய அசைய ஓசை ஏறி இறங்கும். அத்தை அலையுது என்று சொன்னது அதைத்தான். இதையெல்லாம் போனிலேயே விளக்கினேன். "சரிய்யா" என்று கேட்டுக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரமாயிற்று என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சின் திசை மாறிவிட்டது. முன்பெல்லாம் நான் போன் செய்வேன், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பேன், அவர் பதில் சொல்வார். இப்போது தகவல் அந்தப் பக்கம் இருந்து வருகிறது. அணையில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பக்கம் மழை, கூட்டுறவுச் சங்கத்தில் என்ன கொடுக்கிறார்கள், வெளிநாட்டில் எங்கே பூகம்பம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வயல் வேலைக்குப் போகுமுன் வாசலில் நின்று "ஆச்சி, மழை உண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் சட்டைப்பையில் போன் இருக்கிறது, அதில் வானிலையும் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறார். மருமகள் சொல்வது, அத்தைக்கு ரேடியோ வந்த பிறகு அதிகாரம் கூடிவிட்டது என்று. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பராமரிப்புக்கு வருவோம். டயல் நூல் தளர்ந்து ஒருமுறை கணக்கு குழம்பிவிட்டது. "திருநெல்வேலி ரெண்டு சுத்துக்குப் போயிட்டு" என்று புகார். அண்ணாச்சி போய் நூலை மாற்றி ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினார். டயல் விளக்குகளில் ஒன்று போயிற்று, அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வால்வுகளில் கடைசியில் இருக்கும் இஎல்84க்கு மட்டும் ஒரு மாற்று வாங்கி, தாளில் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் டப்பாவில் வைத்திருக்கிறேன். கிதார் வாசிப்பவர்களின் ஆம்ப்ளிஃபயர்களுக்கு வேண்டும் என்பதால் அந்த வால்வு இப்போதும் புதிதாகத் தயாராகிறது. கரண்டு போனால் பெட்டி ஊமை. அதற்கு ஒரு பேட்டரி டிரான்சிஸ்டர் தலைமாட்டில் உண்டு. ஆனால் அதை அத்தை ரேடியோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது கடையநல்லூரில் இருக்கும் சின்ன அத்தையும் வந்திருந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, காது லேசாக மந்தம். அக்காவிடம் இருப்பது தனக்கும் வேண்டும் என்கிறார். பணம் அவரே தருவாராம். என் அலமாரியில் மிச்சம் இருப்பது அந்த அழகான பேக்கலைட் ஏசி-டிசி செட்தான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, மத்திய அலை நன்றாகப் பிடிக்கிற மேஜை ரேடியோ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். பச்சைக் கண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெனீர் உரிந்திருக்கலாம். ஸ்பீக்கர் பெரிதாக இருக்க வேண்டும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருக்கக் கூடாது. முக்கியமாக, ஓடுதா என்று பார்க்கப் பிளக்கில் செருகாமல் அப்படியே கொடுங்கள்.